மணியுடன் ஒரு தீபாவளிப் பிரயாணம்

தீபாவளி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் நால்வருக்குக் கொண்டாட்டம், ஐந்தாமவனுக்குத் திண்டாட்டம். அந்த ஐந்தாமவன் பெயர் மணி. ஜாதி நாட்டு நாய், நிறம் செவலை, வயது ஆறு. மதுரையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் அவனைக் கண்டு அஞ்சாத தபால்காரர் கிடையாது. அப்பேர்ப்பட்ட வீரன், ஓலைப்பட்டாசு ஒன்று வெடித்தால் போதும், நான்கு கால்களும் நடுங்க என் எழுத்து மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்வான்.

சென்ற தீபாவளிக்கு முன்பு வரையில் இதை நான் ஒரு வேடிக்கையாகவே கருதி வந்தேன். "சீ, கோழை!" என்று அதட்டியதும் உண்டு. அன்று விடியற்காலை எண்ணெய் ஸ்நானத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறானே என்று கொல்லைப்புறத்தில் கயிற்றால் கட்டிப் போட்டேன். நாலரை மணி சுமாருக்கு அடுத்த தெருவில் யாரோ ஒரு நீளச் சரவெடியைக் கொளுத்தினார்கள். அது வெடித்து ஓய்ந்ததும் நான் போய்ப் பார்த்தபோது கயிறு இருந்தது, மணி இல்லை. மூன்று நாள் தேடினோம். வீட்டில் செய்த பலகாரத்தைக் குழந்தைகள் தொடவில்லை. மூன்றாம் நாள் அந்தியில் வைகைக் கரையோரம் ஒரு மதகுக்குள் படுத்திருந்தவனைக் கண்டுபிடித்தோம். உள்ளங்கால்கள் தேய்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என் குரலைக் கேட்டும் அவன் எழுந்து வரவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

கால்நடை மருத்துவர் அவன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே என் அறியாமைக்கும் சிகிச்சை செய்தார். மனிதன் காதுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வு வரையில்தான் எட்டும். நாய்க்கோ ஏறக்குறைய 45,000 அதிர்வு வரையில் எட்டுகிறது. நமக்குக் கேளாத கீச்சொலிகளெல்லாம் அதற்குக் கேட்கும். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வெடி வெடிக்கப் போகிறது என்று நமக்குத் தெரியும். திரியைக் கொளுத்துகிறவனே நாம்தான். நாய்க்கு அது காரணமில்லாமல் ஆகாயம் இடிந்து விழுவதைப் போன்றது. "பயப்படுகிற நாயை அதட்டாதீர்கள். தடவிக்கொடுத்தால் பயம் வளர்ந்துவிடும் என்று சொல்வார்களே, அதையும் நம்பாதீர்கள். பயம் என்பது கெட்ட பழக்கமல்ல, செல்லம் கொடுத்து வளர்ப்பதற்கு. உங்களை நாடி வந்தால் பக்கத்தில் இருங்கள், ஒளிந்துகொண்டால் விட்டுவிடுங்கள்" என்றார்.

தூக்க மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். பழைய மருந்துகளில் சில, உடம்பை மட்டும் கட்டிப்போட்டு மனத்தை விழிக்க வைத்துவிடுமாம். பார்ப்பவர்களுக்கு நாய் சாந்தமாகக் கிடப்பதுபோல் தோன்றும். உள்ளே அது அதே பயத்தில் வெந்துகொண்டிருக்கும். இப்போது பயத்தையே தணிக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. ஆயினும் எந்த நாய்க்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் நிர்ணயிக்க வேண்டும் என்றும், நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே கூடாதென்றும் எச்சரித்தார். "இருட்டாக, நெருக்கமாக, அவனுக்கென்று ஒரு பொந்து செய்து கொடுங்கள். பண்டிகைக்குச் சில நாள் முன்பே அதில் பழக்கி விடுங்கள்" என்பது அவருடைய முடிவான உபதேசம்.

பொந்து செய்வதற்கு முன்னால், வெடியே இல்லாத ஊர் ஒன்றுக்கு மணியை அழைத்துக்கொண்டு போய்விடலாமே என்ற யோசனை எனக்கு உண்டாயிற்று. தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஊரா என்று நேயர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில், சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளுக்குடிப்பட்டி. என் பழைய மாணாக்கன் ஒருவன் அவ்வூர்க்காரன். கடிதம் எழுதினேன். "ஸார், அவசியம் வாருங்கள். ஆனால் நாயைக் கண்மாய்க் கரைக்கு மட்டும் கொண்டு போகக் கூடாது" என்று பதில் வந்தது. அந்த நிபந்தனையின் அர்த்தம் அங்கே போன பிறகு விளங்கிற்று.

பிரயாணத்துக்கு மற்றொரு காரணமும் சேர்ந்துகொண்டது. காரைக்குடியில் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் தரைக் கற்கள் சில விரிந்து போயிருந்தன. அதே பூப்போட்ட கற்களை ஆத்தங்குடியில் சொல்லிச் செய்வித்துக்கொண்டு வா என்று மைத்துனர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாகவே ஒரு வாடகைக் காரில் புறப்பட்டோம். மேலூர் தாண்டியதும் இரு பக்கமும் பாறைக் குன்றுகள் வந்து வந்து மறைந்தன. மணி ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு மிகுந்த கனவான் போல் வந்தான். டிரைவர் மட்டும் அடிக்கடி பின்புறம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பவர்கள் பலர். செய்வதைப் பார்த்திருப்பவர்கள் சிலரே. செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் கப்பலேறி வந்த கதை எல்லோரும் அறிந்ததே. அந்த வீடுகளிலேயே, பக்கத்துக் கிராமத்தில் மண்ணள்ளிச் செய்த இந்தக் கல்லும் சரிசமானமாக உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் போன பட்டறை ஒரு நீண்ட கொட்டகை. யந்திரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் கிடையாது. ஏழெட்டுப் பேர் வரிசையாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் ஒரு சதுரக் கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைக்கிறார்கள். அதைச் சுற்றி இரும்புச் சட்டம்; சட்டத்துக்குள் பூவும் கொடியுமாக அறைகள் வகுத்த உலோக அச்சு. சிமெண்டும் வர்ணப் பொடியும் கலந்த குழம்பைச் சிறு கரண்டியால் எடுத்து, சிவப்பு ஓர் அறையில், பச்சை ஓர் அறையில், மஞ்சள் ஓர் அறையில் என்று ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மேலே தூக்குகிறார்கள். அந்த ஒரு வினாடியை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கை கொஞ்சம் நடுங்கினாலும் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். நடுங்கவில்லை. அச்சைத் தூக்கிய பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "தூக்கும்போது பேச மாட்டேன் ஐயா, தூக்கின பிறகு எவ்வளவு வேணுமானாலும் பேசுவேன்" என்றார். அப்படியே செய்தார்.

வர்ணத்தின் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டு அழுத்தி, மட்டம் செய்து ஒதுக்கி வைக்கிறார்கள். மறுநாள் அது தொட்டித் தண்ணீருக்குள் போகிறது. சில நாள் ஊறிய பிறகு எடுத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். கண்ணாடி தானாகக் கழன்றுகொள்கிறது. கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. தரையில் பதித்த பின் உமியும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்த்தால் வருஷம் ஏற ஏறப் பளபளப்பும் ஏறும். சந்தையில் யந்திரத்தால் செய்த மலிவான கற்கள் பெருகியிருக்கும் இக்காலத்தில் இத்தொழில் நடப்பதே பெரிய காரியம். "எங்களுக்குப் போட்டி அந்தக் கல் இல்லை, ஐயா. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே இந்த வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள், அதுதான்" என்றார் பெரியவர். உபாத்தியாயரான எனக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவர்களைப் படி படி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்தானே!

இவ்வளவு நேரமும் மணி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சுகமாகப் படுத்திருந்தான். அங்கே சத்தம் என்பது கரண்டியின் சலசலப்பும் கலவை தட்டும் மெல்லோசையுந்தான். பிறகு அவனுக்கு என்ன தோன்றிற்றோ, எழுந்து சோம்பல் முறித்து, அப்போதுதான் மட்டம் செய்து வைத்திருந்த கற்கள் மீது கம்பீரமாக நடந்து என்னிடம் வந்தான்! என் மனைவி "ஐயையோ" என்று கூவிவிட்டாள். நான் பணத்தை எடுத்து, கெட்டுப்போன கல்லுக்கு விலை சொல்லும்படி கேட்டேன். பெரியவர் சிரித்தார். "கெடவில்லை ஐயா. இது கல்லின் முதுகு. முகம் கீழே கண்ணாடியில் பத்திரமாக இருக்கிறது." மற்றக் கற்களைக் கரணையால் ஒரு தடவு தடவிச் சரிசெய்தார். ஒன்றை மட்டும், நான்கு விரற்பூப் போல் பதிந்திருந்த அடையாளத்தோடு, அப்படியே விட்டுவிட்டார். நாங்கள் கேட்ட கற்களில் அதுவும் ஒன்று.

பொந்துக்கான வழியும் காரைக்குடியிலேயே பிறந்தது. செட்டிநாட்டில் பனையோலைக் கொட்டான் பின்னுவது பெண்கள் கைவேலை. சீர் வரிசைக்கும் பலகாரத்துக்கும் வர்ணம் ஏற்றிய சிறு கொட்டான்கள் இன்றும் வேண்டியிருக்கின்றன. என் மாமியாருக்குப் பழக்கமான ஓர் அம்மாள் கொட்டானும் பின்னுவார். நெல் அள்ளும் கடகமும் பின்னுவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. மணியைப் படுக்க வைத்து, மூக்கிலிருந்து வால் வரை முழம் போட்டு அளந்தார். "படுத்தால் சுருண்டுதானே படுக்கும்? அப்படியானால் நீளம் வேண்டாம், வட்டம் போதும். பக்கவாட்டில் சாய்த்து வைக்கிற மாதிரி பின்னுகிறேன். ஓலை இரட்டை மடிப்பு, விளிம்புக்கு நார். நாய் கடிக்குமே, அதனால் சாயம் வேண்டாம்" என்று மளமளவென்று தீர்மானம் செய்தார். விலை சொன்னார். என் மனைவி பேரம் பேசத் தொடங்கினாள். அந்த அம்மாள், "இரண்டு நாள் வேலை, ஆச்சி" என்று மட்டும் சொன்னார். பேரம் அதோடு நின்றது. இதற்குமுன் நாய்க்குக் கடகம் பின்னியதுண்டா என்று கேட்டேன். "பூனைக்குப் பின்னியிருக்கிறேன்" என்றார்.

தீபாவளிக்கு முந்தின நாள் கடகம் வந்து சேர்ந்தது. என் பழைய வேஷ்டி ஒன்றைத் துவைக்காமல் உள்ளே விரித்தோம். அந்த வாசனைதான் அவனுக்கு அபயம் என்பது மருத்துவர் வாக்கு. ஒரு முட்டைத் துண்டை உள்ளே போட்டேன். மணி தலையை மட்டும் நீட்டி எடுத்துத் தின்றுவிட்டு வெளியே வந்தான். இரண்டாவது துண்டுக்கு முன்னங்கால்கள் உள்ளே போயின. சில நாள் முன்பே பழக்கவேண்டிய காரியத்தை ஒரு பகலில் பழக்கினோம், குறைதான். சாயங்காலம் கடகத்தையும் ஏற்றிக்கொண்டு கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போனோம்.

பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்னும் மூன்று கண்மாய்களும் சேர்ந்ததுதான் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். மொத்தம் 38 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். 1977-ஆம் வருஷத்தில் சர்க்கார் சரணாலயமாக அறிவித்தார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால், நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என்று கூட்டங் கூட்டமாக வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மழை பொய்த்த வருஷங்களில் கண்மாய் வறண்டு, பறவையும் வராது. நாங்கள் போன சமயம் நல்ல தண்ணீர். மரங்களில் இலை பச்சையா, இறகு வெள்ளையா என்று சந்தேகப்படும்படி இருந்தது.

பறவை வந்து தங்கும் காலமும் தீபாவளியும் ஒன்றாக வருகின்றன. வெடிச் சத்தத்தில் தாய்ப் பறவை கூட்டை விட்டுப் பறந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். ஆகையால் ஊரார் கூடி வெடி வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ ஐம்பது வருஷமாக இது நடந்து வருகிறது. தீபாவளிக்கு மட்டுமல்ல, கல்யாணத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், சாவுக்குங்கூட வேட்டு இல்லை. வனத்துறையார் தீபாவளியன்று ஊராருக்கு இனிப்பு வழங்கி நன்றி செலுத்துவது வழக்கம். "பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது ஸார், எங்களுக்கும் லாபந்தான். சும்மா புண்ணியத்துக்கு மட்டும் செய்கிறோம் என்று எழுதிவிடாதீர்கள்" என்றான் என் மாணாக்கன். எழுதவில்லை.

அவன் மகனுக்கு எட்டு வயது. இரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டான்: "மதுரையில் அணுகுண்டு வெடித்தால் காது அடைக்குமா, தாத்தா?" அந்தக் கேள்வியில் இருந்த ஏக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை. 'தாத்தா' என்றதில் எனக்குண்டான வருத்தம் வேறு விஷயம். பையன் போன வருஷம் தன் மாமா ஊருக்குப் போய் ஒரு பெட்டி தீர்த்துவிட்டு வந்தானாம். "பெரியவனானால் அவனே புரிந்துகொள்வான்" என்றாள் மாணாக்கனின் தாயார். "புரிந்துகொள்ளாவிட்டால்?" என்று கேட்டேன். "கரையில் ஒரு நாள் உட்கார வைப்பேன், வாத்தியாரய்யா. என்னை என் மாமியார் அப்படித்தான் உட்கார வைத்தார்" என்றாள்.

பொழுது விடிந்தது. எண்ணெய், சீயக்காய், புதுத்துணி, அதிரசம் எல்லாம் உண்டு. வெடி மட்டும் இல்லை. ஆனால் நிசப்தம் என்று எண்ண வேண்டாம். கண்மாய்ப் பக்கமிருந்து ஆயிரம் குரல்களின் இரைச்சல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. சந்தை கூடின மாதிரி. மணி திண்ணையில் உட்கார்ந்து காதை அப்படியும் இப்படியும் திருப்பிக் கேட்டான். ஒரு நடுக்கமும் இல்லை. கண்மாய்க் கரைக்குப் போக அவனுக்கு ஆசைதான். ஒரு நாய் கரையில் ஓடினால் போதும், இரைதேடும் பறவை எல்லாம் எழும்பிவிடுமாம். நாங்கள் முறை வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் அவனுக்குத் துணையிருந்தோம்.

ஆறு மணி சுமாருக்கு, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வெகு தூரத்தில் 'தொம், தொம்' என்று கேட்டது. 2018-ஆம் வருஷம் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரந்தான் என்று வரையறுத்தது. நமது மாநிலத்தில் அதைக் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று பிரித்தார்கள். மதுரையில் எங்கள் தெருவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இந்தத் திசையில் அன்று நேரம் தவறாமல் ஆரம்பித்தார்கள். அடுத்த ஊர் வெடியைக் கொள்ளுக்குடிப்பட்டி என்ன செய்ய முடியும்? எனக்கே சற்றுக் கவனித்தால்தான் கேட்டது. மணிக்கு நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். காதுகள் பின்னால் மடங்கின; வால் இடுக்கிக்கொண்டது. வாய் பிளந்து இளைக்க ஆரம்பித்தான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். கூடத்து மூலையில் சாய்த்து வைத்திருந்த கடகத்தைப் பார்த்தான். பிறகு மெல்ல நடந்துபோய் அதற்குள் நுழைந்து, அந்த அம்மாள் சொன்னபடியே வட்டமாகச் சுருண்டுகொண்டான். வேஷ்டியின் மடிப்பில் மூக்கு மட்டும் தெரிந்தது. கால்மணி நேரம் கழித்து அவனாகவே வெளியே வந்து அதிரசத்துக்கு மூக்கை நீட்டினான்.

பட்டாசே கூடாது என்பது என் கட்சியல்ல. சிவகாசியில் அந்தத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மத்தாப்பும், சங்கு சக்கரமும், புஸ்வாணமும் அவர்கள் கைவண்ணந்தான். இவற்றைக் கொளுத்திப் பார்ப்பதில் குழந்தைகளுக்குச் சந்தோஷம் குறைந்துவிடுவதில்லை. இந்தியாவில் விற்கும் வெடிக்கு நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் உச்ச வரம்பு என்று விதி இருக்கிறது. அதுவே மனிதக் காது வலிக்கும் அளவு என்பதை வாங்குகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

வருஷந்தோறும் மாணாக்கன் வீட்டில் போய் இறங்க முடியாதல்லவா? ஆகவே கார்த்திகைக்கு மதுரையிலேயே இருந்தோம். வெளிச்சம் இருக்கும்போதே மணியை உலாவ அழைத்துப்போய் வந்து, கழுத்துப்பட்டையில் என் முகவரித் தகட்டை மாட்டினேன். கடகத்தை உள்ளறையில் கட்டிலுக்கடியில் வைத்து, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, வானொலியில் நாதஸ்வரத்தைச் சற்று உரக்கவே வைத்தோம். நடுங்கினான், இளைத்தான், ஓடவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் பதிவு செய்த வெடிச்சத்தத்தை மிக மெல்லியதாக ஒலிக்கச் செய்து கையோடு முட்டைத் துண்டும் கொடுத்து வருகிறோம். மூன்று வாரத்தில் சத்தத்தை ஓர் இழை உயர்த்தியிருக்கிறோம். ஒரு நாள் அவசரப்பட்டு இரண்டு இழை உயர்த்தினேன். ஒரு வாரம் பின்னுக்குப் போயிற்று.

ஆத்தங்குடியிலிருந்து கற்கள் தை மாதத்தில் வந்தன. பதிக்கிற அன்று காரைக்குடிக்குப் போயிருந்தேன். கொத்தனார் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ன, முதுகில் நாய்க்கால்?" என்றார். என் மாமியார் அதை வாங்கிப் பார்த்தார். முகத்துப் பக்கம் சிவப்புப் பூவில் ஒரு குறையும் இல்லை. "இதை வாசற்படிக்கு உள்பக்கம் முதல் கல்லாகப் போடு" என்றார். கொத்தனார் கலவையைப் பரப்பி, கால் அடையாளம் கீழே போகும்படி வைத்து, கரணைக் காம்பால் மெதுவாகத் தட்டினார்.